அகரவரிசை

மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும்போது
வெர்னா மலின்ஸுக்கு முதலில் தோன்றியது
மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றுதான்.

ஆட்கின்ஸ் எண்பத்திரண்டு.
பிளாங்கன்ஷிப் எழுபத்தொன்பது.
பக்கத்தின் இடுப்பில் லெஸ்டர், அறுபத்தாறு.
அடியில், வூட்டன் வீட்டு டெசி,
நாற்பத்தொன்று.

கரி தீர்ந்த சுரங்கத்துக்குள் இறங்குகிற மாதிரி
பட்டியல் படிப்படியாய் இறங்கியது.

மேற்கு வர்ஜீனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில்
உணவு அட்டையில் பணம் ஏறுவது
குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி.
ஏ, பி என்றால் ஒன்றாம் தேதி.
டபிள்யூ என்றால் ஒன்பது.
தேர்வு ஆறாம் தேதி, திங்கட்கிழமை.

வெள்ளி மதியம் பள்ளியில் தின்ற பீட்சாத் துண்டுக்கும்
இந்தக் கணக்குத் தாளுக்கும் நடுவே
டெசி வீட்டில் மிஞ்சியிருந்தது
தம்பி விரல்விட்டு வழித்த வேர்க்கடலை வெண்ணெய் டப்பா.
அன்று பார்த்துப் பனியில் பஸ் தாமதம்.
சிற்றுண்டி வண்டியை உள்ளே தள்ளிவிட்டார்கள்;
பால் பாக்கெட்டுகள் மறுபடி குளிர்பெட்டியில்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்.
மானமும் குலமும் பெரியவர்களின் கணக்கு.
ஒன்பது வயதில் பறந்துபோனது
எட்டேழு ஐம்பத்தாறு.
அது எந்தப் பக்கம் போயிற்று என்று
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள் டெசி.
மேற்பார்வையாளர் எழுதினார்: கவனக்குறைவு.

அடுத்த தேர்வையாவது
பத்தாம் தேதிக்குத் தள்ளலாமா என்று
வெர்னா கடிதம் போட்டாள்.
மூன்று வாரம் கழித்துத் தலைநகரிலிருந்து பதில்:
'எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே தேதி என்பதுதான் நியாயம்.'
இரண்டு முறை படித்தாள்.
அவளும் அட்டைக்காரிதான்.
மலின்ஸ். ஐந்தாம் தேதி.
தேர்வை ஒரே ஒரு நாள் முந்திவிட்ட பெயர்.
அவள் மகன் எழுபது வாங்கியிருந்தான்;
அதைக் கொண்டாடிக் கேக் வேறு வெட்டினார்கள்.

அந்த மாதம் பத்தாம் தேதி நடந்ததை
யாரும் எங்கும் ஏற்றவில்லை.
முட்டையும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு வந்த டெசி
கூப்பிடாமலே எழுந்து போய்
வகுப்பே விழித்த பின்னக் கணக்கைப்
பலகையில் போட்டு முடித்தாள்,
கைச் சுண்ணத்தூளை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு
வந்து உட்கார்ந்தாள்.

மணி அடித்தது.
அடுத்த வகுப்பு வரலாறு.
பலகையைத் துடைத்தார்கள்.