ஒன்றுக்கு நான்கு

என் பிங்க் புத்தகத்தின் மூலையில்
பச்சை வட்டத்தை உரித்துவிட்டு
மஞ்சள் ஒட்டினாள் மிஸ்ஸி ரோஹாயா.
அடுத்த தடவை புருஷனையும் கூட்டிவரச் சொன்னாள்.
ஏன் என்றதற்கு
காற்றாடிச் சத்தத்துக்கு அடியில் ஒளியும் குரலில்
ஒரு நோயின் பெயர்.
எனக்குப் பின்னால் வரிசையில்
மில் கிராணியின் மருமகள்.

ஒன்றுக்கு நான்கு. குறைவுதான்.
பிள்ளை வயிற்றில் இருந்தால்
சில நேரம் பொய்யாகவும் காட்டலாம்.
ஈப்போவுக்கு அனுப்பியிருக்கிறோம்,
இரண்டு வாரம்.

அந்தக் 'காட்டலாம்'-ஐ
பீடோர் பஸ் ஸ்டாண்டு வரை
சில்லறைபோல் உள்ளங்கையில் இறுக்கி வந்தேன்.

குணசீலன் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவன்.
அரைநாள் லீவு போட்டு வந்தான்.
ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி
மில் புகையையே பார்த்திருந்தான்.

யாரும் சொல்லாமலே
கொடியில் துண்டுகள் தள்ளிப்போயின:
அவனுடையது அந்த முனை,
என்னுடையது இந்த முனை.
ராத்திரியில் எண்ணிப் பார்த்தேன்,
என் ஆயுசில் எத்தனை ஆண்.
ஒன்று.
கணக்கில் ஏ வாங்கியவள்,
திரும்பவும் எண்ணினேன்.

ஒன்பதாம் நாள் ரசம் ஊற்றும்போது
தானாகவே சொன்னான்.
ஹாட்ஜாய். பந்து விளையாடப் போனது.
பையன்கள் எல்லாரும் போனார்கள்.
ஒரே தடவை.
கல்யாணத்துக்கு முந்தியா என்று கேட்டேன்.
சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

பதினாறாம் நாள் தாள் வந்தது.
இரண்டு பேருக்கும் இல்லை.
முதல் சோதனை கிருமியையே தேடாதாம் அக்கா,
என்றான் லேப் தினகரன்.
மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த கொழுப்பு,
கொஞ்சம் கரித்தூள்,
அதில் ரத்தத்துளி விட்டு ஆட்டி
திரள்கிறதா என்று பார்ப்பார்களாம்.
திரண்டிருக்கிறது.
மாட்டிறைச்சி வாசல் ஏறாத வீட்டுப் பெண் நான்.
எந்த ஊர் மாடோ,
அதன் நெஞ்சைத் தொட்டதும்
என் ரத்தம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதாம்.
சிரிப்பு வந்தது. தினகரனும் சிரித்தான்.

மஞ்சளை உரித்துப் பச்சை ஒட்டினாள் மிஸ்ஸி.
பழைய பசை முழுசாய்ப் போகவில்லை,
வட்டத்தைச் சுற்றி அழுக்கு பிடித்திருக்கிறது.

வெளியே
இஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான்.
என்ன சொன்னார்கள்?
பொய்யாம், என்றேன்.

முகம் ஒரு கணம் மலர்ந்து
அப்படியே நின்றது,
எது என்று
கேட்க முடியாமல்.