சிதைந்தது

மாட்டுத்தாவணியில் ஏறி, மேலூரில் இறங்கி
மினிபஸ் மாறி
ஆவாரேந்தல் விலக்கில் இறங்குவதற்குள்
நாலு கம்பிக் கூண்டுகளைக் கடந்திருந்தேன்.
கூண்டுக்குள் ஆளுக்கொரு மாவீரர்.
ஒருவருக்கு வாள், ஒருவருக்குக் குதிரை,
எல்லோருக்கும் பூட்டு.
சாவி ஸ்டேஷனில் இருக்கும்.
பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி
கழுவிவிடத் திறப்பார்கள்.

என் வேலை மைப்படி எடுப்பது.
ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி
தூரிகையால் தட்டி, பஞ்சுப்பொதியில் மை தொட்டு ஒற்றினால்
தாள் கறுக்கும், எழுத்து மட்டும் வெள்ளையாய் நிற்கும்.
படித்துச் சொல்வது சார் வேலை.
இருபத்திரண்டு வருஷமாய்
படிக்கத் தெரியாதவன் மாதிரி நிற்கிறேன்.

கல் கண்மாய்ப் படித்துறையில் துவைகல்லாய்க் கிடந்தது.
குழிகளில் காய்ந்திருந்த நீலச் சோப்பை
ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தேன்.
"இது எழுத்தா?" என்றாள் இருளாயி,
பிழிந்த சேலையைத் தோளில் போட்டபடி.
"வழுக்காம இருக்கக் கொத்திவிட்டதுன்னுல்ல நெனச்சேன்."

வட்டெழுத்து. ஆறு வரி.
ஏழுநாள் மழை. ஏரி உடைய நின்றது.
வியக்கன் மடை திறந்து பட்டான்.
பட்டான் என்றால் செத்தான்.
அவன் பிள்ளைகளுக்கு உதிரப்பட்டியாய் அரை மா நிலம்.
அவ்வளவுதான்.
ஆள் கறுப்பா சிவப்பா, மீசை உண்டா,
முங்குமுன் யாரிடமாவது எதையாவது சொன்னானா,
கல்லுக்கு அக்கறையில்லை.
மிச்சத்தை நானாக நினைத்துக்கொண்டேன்:
இருட்டில் சேறும் வேரும் தடவி
அடைப்புக்கல்லைத் தோளால் நெம்பியிருப்பான்.
திறக்கிற மடை
திறந்தவனைத்தான் முதலில் குடிக்கும்.
அது தெரியாமல் முங்கியிருக்க மாட்டான்,
கண்மாய்க்காரன்.

மூன்றாவது வரியில்தான்
யார் மகன், எந்தக் கூட்டம் என்று இருந்திருக்க வேண்டும்.
அந்த இடம் தேய்ந்து வழவழவென்று கிடந்தது.
எத்தனை தலைமுறைப் பாவாடை, எத்தனை போர்வை.

மத்தியானத்துக்குள் செய்தி பரவி
பைக்குகள் வந்தன, மூன்று நிறக் கொடிகளோடு.
மூன்று கூட்டமும் ஒரே கேள்வி கேட்டது:
"ஆளு யாரு?"
எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால்
கேட்பது பேரை இல்லை.
"மடை திறந்தவருங்க" என்றேன்.
"அது சரி. ஆளு யாரு?"

ஒருவர் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கித் தந்தார்.
சிலைக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம்.
"மீசை மட்டும் எப்படின்னு சொல்லுங்க,
ஸ்தபதி காத்திருக்காரு."
கம்பிக்கூண்டுக்கும் கொடுத்தாச்சா என்று
வாய்வரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினேன்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு
வெயில் பக்கவாட்டில் விழுந்தது.
தேய்ந்த கல்லுக்கு அந்த வெளிச்சம் ஆகாது.
மறைத்ததையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும்.
வழவழப்பின்மேல் மயிர்க்கோடு மாதிரி ஒரு நிழல்.
கண்ணை மூடித் தடவினேன்.
மூன்று எழுத்து.
விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அது என் கூட்டமாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
என் வீட்டுக்காரிக்கே சொல்லவில்லை.

பொதியில் மையைக் கூடுதலாய்த் தொட்டு
அந்த இடத்தில் அழுத்தி ஒற்றினேன்.
தாளில் ஒரு கரிய குளம்.
பதிவேட்டில், வரி மூன்று: சிதைந்தது.
சார் போனில் இரண்டு தரம் கேட்டார்,
ஒன்றுமே தெரியலையாய்யா என்று.
இரண்டு தரமும் இல்லை என்றேன்.
முதல் தரம் குரல் நடுங்கியது.
செய்கிற தொழிலுக்குத் துரோகம்.
தெரியாமல் இல்லை.

கண்மாயில் கை கழுவினேன்.
நகக்கண் மை போகவில்லை.
இருளாயி வாளியோடு வந்து நின்றாள்.
"மியூசியத்துக்குத் தூக்கிருவாகளாமே?
நாளைக்கு இதுல தொவைக்கலாமா கூடாதா?"

லாரி வர வியாழக்கிழமை ஆகும்.
"தொவைக்கா" என்றேன்.
மூன்றாவது வரிமேல் கை வைத்துக் காட்டி,
"இங்கனக்குள்ள
நல்லா அடிச்சுத் தொவை."