நான்கு கிலோ

சிமெண்டுச் சாக்கில் தேவனாம்பட்டினத்து மணல்,
அறுபத்திரண்டு கிலோ.
மேலே மார்க்கரால் எழுதியிருந்தது:
ஆண். ஐம்பது வயது.
இடது தொடை முறிவு. பேச்சுண்டு.

பேச்சுண்டு என்பதால்
பேசிக்கொண்டே தூக்கச் சொன்னார் பெலிசியா மேடம்.
"ஒண்ணுமில்லய்யா, இதோ வந்துட்டோம்."
மணலிடம் பொய் சொல்ல
முதலில் கூச்சமாக இருந்தது.

கேப்பர் மலையை மலை என்றால்
பர்கூர் மாதேவனுக்குச் சிரிப்பு வரும்.
எங்க ஊர்ல ஆடுகூட இதை ஏத்தம்னு ஒத்துக்காது என்பான்.
சிரித்துக்கொண்டேதான் தூக்கினான்,
இரண்டாம் வளைவில்
முந்திரி வேர் காலைத் தடுக்கும்வரை.

ஏற்றத்தில் குட்டையானவர் முன்னால்.
பள்ளி அசெம்பிளிக்குப் பிறகு
இன்றுதான் மறுபடி வரிசையில் முதல் ஆள் நான்.
முதுகை விடு, தொடையால் எழு,
மூச்சை அடக்காதே, எண்ணு.
பரங்கிப்பேட்டை தமீம்
ஜிம்மில் நூறு கிலோ தூக்குகிறவன்.
இரும்புக்குப் பிடி இருக்கு, சொன்னபடி நிக்கும்,
இது வலிக்கிற மனுசன் மாதிரி
ஒரு பக்கமாச் சரியுதே என்றான்.

மூன்று இடத்தில் இறக்கி வைத்தோம்.
ஒரு இடத்தில் தண்ணீர் குடித்தோம்.
ஒரு இடத்தில், சொல்லத்தான் வேண்டும்,
போட்டோ எடுத்துக்கொண்டோம்.

உச்சியில் நாடி பார்க்கச் சொன்னார்.
சாக்கின் மேல் இரண்டு விரல் வைத்து
நூற்று நாற்பது என்றேன்.
"அது உன்னோடது" என்றார்.

பிறகு தராசு.
ஐம்பத்தெட்டு.
அடித்தையல் ஒரு விரல் நீளம் பிரிந்திருந்தது.
மேடம் திட்டவில்லை.
"நாலு கிலோ வழியில போயிருக்கு.
இவர் உடம்புல மொத்தம் எவ்வளவு ரத்தம் இருக்கும்?"
தமீம்தான் மெல்லச் சொன்னான்:
"அஞ்சு லிட்டருக்குள்ளதான் மேடம்."
கீழே எங்கேயோ சிதம்பரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

இறங்கும்போது பார்த்தோம்.
செம்மண்ணில் வெளிர்மணல் கோடு,
நூல் பிடித்தாற்போல் மெலிதாக,
சில அடி விட்டு விட்டு.
நாங்கள் நின்ற இடங்களில் மட்டும்
கைப்பிடி கைப்பிடியாகக் குவிந்து.
போட்டோ எடுத்த இடத்தில்
இரண்டு கைப்பிடி.

மாதேவன் அதைத் தாண்டித்தான் போனான்,
மிதிக்கவில்லை.

நாளைக்கும் காலை ஐந்தரைக்கு.
சாக்கூசியும் சணலும்
நான் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.