எலிக்காரன்

எங்கள் வெள்ளை வேனின் பக்கவாட்டில்
நீல எழுத்தில் ஸ்மின்தியஸ் என்று இருக்கும்.
எழுதியவன் லெஃப்டேரிஸ், என் கூட்டாளி,
மெல்போர்னில் ஓக்லீயில் பிறந்து
கிரேக்கத்தை இரண்டே முறை பார்த்தவன்.
கூனம்பிள் விவசாயிகள் நாக்கில் அது நிற்கவில்லை.
ஸ்மித்தி ஆக்கிவிட்டார்கள்.
"ஸ்மித்தியை வரச் சொல்லு" என்பார்கள் போனில்
அப்படி ஓர் ஆள் இருப்பதுபோல.
சிற்றம்பலமாகிய நான் ஏற்கெனவே சிட்.
ஆட்சேபிக்க எனக்கு என்ன இருக்கிறது.

அந்த இலையுதிர் காலம்
தரை நகர்ந்தது.
சைலோவின் அடியில் டார்ச் அடித்தால்
கோதுமைக்கு மயிர் முளைத்து ஓடியது.
நோலீன் தன் கட்டில் கால்களை
நான்கு தண்ணீர் வாளிகளில் நிறுத்திவிட்டுத் தூங்கினாள்.
டிராக்டர் வயரைத் தின்றன,
மோட்டலில் சோப்பைத் தின்றன,
செத்த பிறகும் சுவருக்குள் இருந்துகொண்டு
ஊரை விடவில்லை.

பண்ணைக்கும் பண்ணைக்கும் நாற்பது கிலோமீட்டர்.
ஓட்டிக்கொண்டே சொல்வான்:
ஸ்மின்தியஸ் என்றால் எலிக்காரன்.
அப்பல்லோவுக்கு அப்படி ஒரு பெயர்,
ட்ராய் பக்கம் கோயிலே உண்டு, காலடியில் எலி.
வெட்டுக்கிளிக்கு இன்னொரு பெயரில் அதே ஆள்.
ஈ விரட்டுவதற்கு சேயுஸ்.
"அத்தனை பெரிய இடியைக் கையில் வைத்துக்கொண்டா?"
"பலி கொடுத்த மாட்டின்மேல் ஈ மொய்த்தால்
நீ யாரைக் கூப்பிடுவாய்?"
துரத்தித் துரத்திப் பழிவாங்கும் மூன்று பெண்கள் உண்டாம்.
அவர்களைக் கருணைக்காரிகள் என்பார்களாம்.
கூப்பிடுவதற்கு அல்ல,
வந்துவிடக் கூடாது என்பதற்கு.

எனக்கு அப்பல்லோ என்றால் ஆஸ்பத்திரி.
ஆயிரம் விளக்கு. ஆறாம் மாடி.
மேலே அப்பாவின் மூக்கில் குழாய்,
கீழே கவுன்ட்டரில் என் கிரெடிட் கார்டு.
சொன்னதும்
கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான்.
ஒரு கங்காரு கடந்து போகும்வரை.
பிறகு, "சரிதான், அதுவும் அவன்தான்" என்றான்.
கொள்ளைநோயை அம்பாக எய்பவன்,
தூரத்திலிருந்து குறி தப்பாதவன்,
மருத்துவன்.
மூன்றுக்கும் கை ஒன்று.

இதில் நான் வியப்பதற்கில்லை.
முத்துப் போடுகிறவளே இறக்கியும் விடுகிறாள்.
அவளுக்கு வேப்பிலை,
இவனுக்குப் பிரியாணி இலைக்கு அக்கா மாதிரி ஒன்று.

டாஷ்போர்டில் ஒட்டிய என் பிள்ளையாரைப் பார்த்து
அவன் சிரிக்காத நாளில்லை.
"உன் சாமியின் வண்டியைத்தான்
தினமும் கொல்கிறோம், சிட்."
நஞ்சு பூசிய கோதுமைப் பையைப் பிரிக்குமுன்
அவரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைப்பேன்.
பெருச்சாளி வேறு, சுண்டெலி வேறு என்று
ஒரு வாதம் கைவசம் உண்டு.
இன்னும் அவரிடம் சொல்லிப் பார்க்கவில்லை.

ஜூனில் மழையும் குளிரும் சேர்ந்து வந்தன.
ஒரே வாரம். எலி இல்லை.
ஒன்றையொன்று தின்றன என்றார்கள்,
நோய் என்றார்கள்.
நாங்கள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.
நோலீன் ஒரு காசோலை அனுப்பினாள்
திருவாளர் ஸ்மித்தியின் பெயருக்கு.
வங்கியில் அப்படி யாரும் இல்லை.
கிழிக்க மனமின்றி
லெஃப்டேரிஸ் அதைப் பிள்ளையாருக்குப் பின்னால் செருகினான்.

அக்டோபரில் ஓர் இரவு மறுபடி அவள் போன்.
வைக்கோல் கொட்டகையில் ஜோ பிளேக் வந்திருக்கிறாராம்.
யார் அது, வேலை கேட்டு வந்தவரா என்று
நான் இவன் முகத்தைப் பார்த்தேன்.
கையை நெளித்துக் காட்டினான்.
எலி தின்று கொழுத்தது.

இந்த ஊரிலும் இருட்டில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள் போல.

"நல்லது" என்றேன் போனில்,
தமிழிலேயே, வாய் தவறி.
"தேங்க்ஸ், ஸ்மித்தி" என்றாள்.

பூட்ஸைத் தலைகீழாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக்
காலை நுழைத்தேன்.