பவர் பத்திரம்

செம்பியம் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே
இருபத்தாறு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
பவர் கொடுக்க வருகிறவரைக் கேட்காமல்
ஒரு வரி எழுதமாட்டேன்:
வாடகை வாங்கலாமா, விற்கலாமா,
அடமானம்?
வடக்கே யார் மனை, தெற்கே எந்தச் சந்து?

இன்று பேப்பர் மில்ஸ் ரோட்டில் வெற்றி ஊர்வலம்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசம்.
திறந்த ஜீப்பில் நின்று
"மக்கள் முழு அதிகாரம் தந்துவிட்டார்கள்" என்கிறார்.
சரவெடிப் புகையில் எனக்கு இருமல்.

நானும் அந்த பட்டனைத்தான் அழுத்தினேன்,
மழைக்குச் சாக்கடை
வீட்டுக்குள் வராமலிருந்தால் போதும் என்று.
ஸ்டாம்ப் வெண்டர் தில்ஷாத் அழுத்தியது
எதிராளி மேலிருந்த எரிச்சலில்.
டீக்கடை கோதண்டம்
சின்னம் மாறி அழுத்திவிட்டாராம்,
சிரிக்கிறார்.

மூன்று பேருக்கும் ஒரே பீப்.

ஜெயித்தது நிஜம். நாற்காலி அவருக்குத்தான்,
அதில் வில்லங்கம் இல்லை.
ஆனால் சொத்து விவரம் காலி,
நான்கெல்லை காலி.
ரத்துக்கு மட்டும் தேதி இருக்கிறது,
அஞ்சு வருஷம் தள்ளி.

"அண்ணே, அவசரமா ஒரு பவர் எழுதணும்."
எதுக்கெல்லாம்?
"எல்லாத்துக்கும்தான்."

பேனா மூடியைக் கழற்றவில்லை நான்.
உட்காருங்க, என்றேன்.
புகை அடங்கட்டும்.