நிஜக்கடல் = 1

காலை ஆறேகாலுக்குக் கித்தேரியான் கூப்பிட்டார்.
"ஹமீதாம்மா, ஒங்க பெட்டி என்னைய
சென்னை அண்ணா நகர்ல நிக்கிறேங்குது.
எனக்கு நாலு பக்கமும் தண்ணி.
அந்தா தெரியுது குருசடைத் தீவு."

அண்ணா நகர், சோதனைக்காக நாங்கள் வைத்த முகவரி.
படகுக்குப் போகும் நிரலில் அது இருக்கவே கூடாது.
நேற்றிரவு என் கையால்தான் தட்டினேன்
நிஜக்கடல் = 1 என்று.
அந்த ஒன்றை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் என்டர்.

கீழக்கரையில், கயிற்றுக்கடைக்கு மேல் மாடியில்,
ஃபேன் நின்றுபோன அறையில்
பதிவை மேலிருந்து கீழே இறக்கிப் படித்தேன்.
முதல் படி, அமைப்பு. கொடி ஏறியிருக்கிறது.
அடுத்தது தொகுப்பு. அங்கும் தெரிகிறது;
முதல் படி பெற்ற பிள்ளை அது,
தாய் மடியில் இருந்ததை வாங்கிக்கொண்டது.
மூன்றாவது படி பொதி கட்டுவது.
அதற்குப் புதிதாக ஒரு ஷெல் திறக்கிறது.
வெறுங்கை. யாருக்கும் பிள்ளை இல்லை.
கொடி எங்கே என்று அது கேட்கவும் இல்லை.
கேட்காதவனுக்குக் கொடுக்கவென்று
ஓரத்தில் ஒரு பூஜ்யம் வைத்திருந்தோம்.
எடுத்துக்கொண்டது.

பிழை என்று ஒரு வரி கிடையாது. பச்சை எழுத்தில் "வெற்றி".

நான் என்ன நினைத்திருந்தேன்?
பாம்பனில் கூண்டு ஏற்றினால்
காற்றே போய் எல்லோரிடமும் சொல்லிவிடும் என்றா?
துறைமுகத்தில் ஏறுவது ஒரு கூண்டு, ஓர் எண், அவ்வளவுதான்.
அதைக் கேட்டு டோக்கன் ஜன்னலை ஒருவர் சாத்த வேண்டும்.
சாத்தியது தெரிந்து ஐஸ் மில்லில் ஒருவர்
அரைப்பதை நிறுத்த வேண்டும்.
உச்சிப்புளி வரை வந்துவிட்ட லாரிக்காரனுக்கு
யாராவது போன் போட வேண்டும்.
ஒருவர் மறந்தால் அங்கேயே அறுந்தது.
மறந்தவருக்கு அப்பால் எல்லாம் நல்ல வானிலை.

எழுதி வைத்தேன். ஒரு சின்னக் கோப்பு,
ஒரே வரி. முதல் படி எழுதும்;
பின்னால் வருகிறவை வாசலிலேயே நின்று படிக்கும்;
கோப்பு இல்லையென்றால் சத்தம் போட்டு நின்றுவிடும்.
பூஜ்யத்தை வைத்து யாரும் சமாளிக்க வேண்டாம்.

ஓட்டினேன். மறுபடியும் அண்ணா நகர்.

அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது:
பழைய துண்டுகள்.
கொடி மாறியது தெரியாத கருவி
"இது நேற்றே செய்ததுதானே" என்று
அவற்றையே எடுத்து ஒட்டியிருக்கிறது,
ஐஸ் பெட்டியின் அடியில் கிடந்த
முந்தாநாள் சூடையை மேலே பரப்பியதுபோல.
அள்ளிக் கொட்டினேன். கழுவினேன். ஒன்றிலிருந்து.

படகு கரைக்கு வந்ததும் நைனா போய்ப் புதியதை ஏற்றினான்.
ராத்திரி கித்தேரியான் பேசினார்:
"மண்டபம் தெக்கு ஜெட்டின்னு காட்டுது."
சரியா?
"சரிதான். கட்டிப்போட்டுக் கெடக்கு.
பாம்பன்ல மூணாம் நம்பர் ஏத்திட்டான்ல.
நாளைக்கு டோக்கன் கெடையாது."

அவர் பின்னால் யாரோ கேட்டது எனக்கும் கேட்டது:
"லாரிக்கு யாருப்பா சொன்னது?"