பதிமூன்று கிராம்

நாட்றாம்பாளையத்துக்குக் கீழே
ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.
அதில் மூஞ்சியை வைத்துப் படுத்திருந்தது.
கடவெ, என்றார் வாட்சர் ஈரய்யா.
இந்தப் பக்கம் காட்டுக்குக் கன்னடம்தான் வாய்க்கும்.
நான் கடமான் என்று எழுதினேன்.

கிடா. கொம்பில் இன்னும் தோல் உரியவில்லை.
எடை இருநூறு கிலோ, உத்தேசமாக.
தராசு எங்கே இருக்கிறது அங்கே,
பத்து வருஷத்துக் கண்தான்.

இடது தோளில் ஒரு துளை,
சுண்டுவிரல் நுழையும்.
வெளியேறிய துளையைத் தேடி
உடம்பைப் புரட்ட ஐந்து பேர் வேண்டியிருந்தது.
இல்லை.
தோள்பட்டை எலும்பில் மோதி
கடித்துத் துப்பிய பாக்குபோலச் சப்பி
அங்கேயே உட்கார்ந்திருந்தது ஈயம்,
சுற்றிலும் சீழ்.
ஒன்பது நாள் இருக்கும், குறைந்தது.
ஒன்பது நாளும் மூன்று காலில்.

உருண்டையாக இருந்தபோது என்ன அளவு?
ரேஞ்சர் கேட்டார்.
சப்பினால் அளவு போகும், எடை போகாது.
அஞ்செட்டி அடகுக்கடையில்
தங்கம் நிறுக்கும் தட்டில் வைத்தேன்.
ஒன்றரைப் பவுனும் ஒரு கிராமும்.
சேட்டு கையைத் துடைத்துக்கொண்டார்.
பதிமூன்று கிராம் ஈயம் என்றால்
பதிமூன்று மில்லிமீட்டர் குண்டு.
கணக்கு அவ்வளவு ஒழுங்காக வந்தது
எனக்குப் பிடிக்கவில்லை.

பன்றிக்குப் போட்ட குண்டு இது.
பன்றிக்கு இடித்த மருந்து.
ராகிக் கொல்லையில் பன்றிக்குக் காத்திருந்தவன் முன்னால்
காடே எழுந்து நடந்து வந்திருக்கிறது.
மாற்றிக் கெட்டிக்க நேரமில்லை,
இறக்கி வைக்கவும் மனமில்லை.
அந்த எலும்பை உடைக்க
இதைவிடக் கனமான குண்டு வேண்டும்,
கூடுதல் மருந்து, குறைந்த தூரம்.
இல்லையென்றால் தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி,
விலா நெஞ்சோடு சேரும் இடத்தில்.
இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
அறுத்துப் பார்த்தால்
எங்கே அடித்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

கேள்வி கேட்க மாட்டோம், கொண்டுவந்து போடுங்கள் என்று
ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றிய வாரம் அது.
விடிந்தால் புங்கமரத்தடியில்
நாலு, ஆறு, ஒருநாள் பதினொன்று.
மொத்தம் நாற்பத்தொன்று.
லேத்துப் பட்டறை வெர்னியரை வாங்கிப் போய்
ஒவ்வொரு வாயாக அளந்தேன்.
தண்ணீர்க் குழாய், டிராக்டர் ராடு,
ஒன்றில் குளவி கூடு கட்டியிருந்தது.
பதினேழாவது பொருந்தியது.

கட்டை விரிசல் விட்டிருந்தது.
விரிசலில் ஆப்பாக
மடித்துச் செருகிய மஞ்சள் காதுவில்லை,
பன்னிரண்டு இலக்கமும் தேயாமல்.
போன ஆண்டு அம்மைக்கட்டி கண்டு செத்த பசுவுக்கு
நான் குத்தியது.
செல்போனில் எண்ணைப் போட்டால் பெயர் வரும்.
போடத் தேவையில்லை.
புட்டமாது.
பசு படுத்திருந்த நாட்களில்
ஒவ்வொரு ஊசிக்கும் கேட்பார்:
இந்த எடைக்கு இவ்வளவு போதுமா மேடம்,
கம்மியாப் போட்டா சாகாம கஷ்டப்படும்.

பொருந்துதா, என்றார் ரேஞ்சர் தூரத்திலிருந்து.
பொருந்துது, என்றேன்.
வில்லை இருந்த பக்கம்
தரையைப் பார்க்கும்படி வைத்திருந்தேன்.
ஏன் என்று இன்றுவரை
எனக்கே ஒரு பதில் சொல்லிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார்,
புதுக் கன்றுக்குப் பூச்சி மருந்து.
கன்றைத் தூக்கி நிறுத்தி,
என் கையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்து,
எத்தனை கிலோ இருக்கும் மேடம், என்றார்.

நீங்க சொல்லுங்க, என்றேன்.

நெடுநேரம் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.